இரண்டு கை உப்பு

அளத்துமேட்டில் தடுப்பூசி மணி அடித்துக்கொண்டு வரும். அப்போதெல்லாம் புதன்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு மரக்காணம் ரோட்டிலிருந்து ஒரு பழைய மொபெட் ஊருக்குள் திரும்பும். அதன் ஹேண்டில்பாரில் ஒரு பித்தளை மணி, ஒரு காலத்தில் பால் ஐஸ் விற்ற மணி. அது டிங் டிங் என்று கேட்டதும், பள்ளிக்கூடம் போகிற வயசு வராத பொடிசுகள் எல்லாம் தட்டிலிருக்கும் சோற்றை விட்டுவிட்டு ஓடிவரும். வந்து பார்த்தால் ஐஸ் இருக்காது, ஊசி இருக்கும். வந்த வேகத்தில் அத்தனையும் திரும்பி ஓடும். ஆனால் அதுகளைப் பிடிக்கக் கைக்குழந்தையோடு பின்னாலேயே ஓடிவந்த தாய்மார்களை எங்கள் நர்ஸ் சுலோசனா அதற்குள் மடக்கிவிடுவார்.

மணிக்குச் சொந்தக்காரர் பெயர் மாயவன். நான் லூர்துமேரி, எங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர். தடுப்பூசிக் குளிர்பெட்டியின் சாவி இருபத்தாறு வருஷமாக என் கைப்பையில் கிடக்கிறது. எனக்குக் கோபம் சட்டென்று வரும், அது ஊருக்கே தெரியும். மாயவனிடம் மட்டும் கோபம் வருவதற்குள் சிரிப்பு முந்திக்கொண்டு வந்து காரியத்தைக் கெடுத்துவிடும். இந்தக் கதையில் நான் செய்த தப்பும் ஒன்று இருக்கிறது. அதை இடம் வரும்போது சொல்கிறேன்.

மாயவன் பிறந்தது அளத்துமேட்டிலேதான். வயசு நாற்பத்தெட்டு என்று ஆதார் சொல்கிறது, அவர் நாற்பத்திரண்டு என்கிறார். இளவயசில் உப்பளத்தில் இறங்கி ஏழெட்டு வருஷம் உப்பு வாரினார். உப்பில் பட்டுத் திரும்புகிற வெயில் கண்ணைக் கூசவைத்ததால் வேலையை விட்டேன் என்பது அவர் சொல்வது. வாய் ஓயாமல் பேசிப் பேசி மற்றவர்களையும் வேலை செய்யவிடாமல் அடித்ததால் மேஸ்திரி அனுப்பிவிட்டார் என்பது அவர் மனைவி பூவிழி சொல்வது. நான் பூவிழி கட்சி.

அப்புறம் சைக்கிளில் பெட்டி கட்டி, மணி மாட்டி, பால் ஐஸ் விற்கக் கிளம்பினார். பெருமுக்கல் மலைக்கோயிலில் விசேஷம் என்றால் அங்கே இருப்பார், இரும்பை சிவன் கோயிலில் பிரதோஷம் என்றால் அங்கே இருப்பார். குயிலாப்பாளையத்தில் ஒரு வெள்ளைக்காரர் இவரிடம் ஐஸ் வாங்கித் தின்றுவிட்டு 'வெரி குட்' என்று சொன்ன கதையை நான் இதுவரை நாற்பது தடவையாவது கேட்டிருப்பேன். ஒவ்வொரு தடவையும் அந்த வெள்ளைக்காரர் ஒரு ஐஸ் கூடுதலாகத் தின்கிறார். கடைசியாகக் கேட்டபோது பதினொன்றில் இருந்தது.

பெட்டிக்கடைக்குப் பெட்டிக்கடை ஃப்ரீசர் வந்ததும் சைக்கிளை விற்றுவிட்டு மொபெட் வாங்கி, கடைகளுக்குச் சரக்கு போட ஆரம்பித்தார். ஆறு வருஷத்துக்கு முன்னால், புதன்கிழமைகளில் தடுப்பூசிப் பெட்டியைக் கிராமத்துக்கு எடுத்துப்போக ஒரு ஆள் தேவைப்பட்டது. வந்து நின்றார். "மேடம், ஜில்லுனு இருக்கற ஒரு பொருளை உருகாம ஊர் ஊரா கொண்டுபோறதுதான் என் தொழிலே. பால் ஐஸா இருந்தா என்ன, ஊசியா இருந்தா என்ன?" என்றார். எனக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது.

அந்தப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நீலப் பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே நாலு பக்கமும் தண்ணீர் உறைந்த நாலு தட்டை பாட்டில்கள் நிற்கும், ஐஸ் பேக் என்போம். நடுவில் மருந்துக் குப்பிகள். ஐஸ் பேக்கை ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு பெட்டியில் வைக்கக் கூடாது. மேஜைமேல் பரப்பி அரைமணி நேரமாவது காத்திருக்க வேண்டும். காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே தண்ணீர் களக் களக் என்று கேட்க வேண்டும், அதுதான் சரியான குளிர். ஏனென்றால் தடுப்பூசியில் சிலது வெயில் தாங்காது, சிலது உறைந்தால் செத்துப்போகும். ஒன்றரை மாசத்திலிருந்து போடுகிற அந்த ஐந்து நோய்க்கான ஊசி இரண்டாவது ரகம்.

மாயவனுக்குக் காத்திருப்பது மட்டும் ஆகாது. மற்ற ஐந்து ஊர்ப் பெட்டிக்காரர்கள் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இவர் பாட்டிலை இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை காதில் வைத்து, "இன்னும் பேச மாட்டேங்குது மேடம்" என்று என் மேஜையைச் சுற்றிச் சுற்றி வருவார்.

இப்படி இருக்கும்போதுதான் புதுச்சேரியிலிருந்து ஷஹானா வந்தாள். இருபத்தாறு வயசு, ஆராய்ச்சிக்காரி. உப்பளத்துக் குழந்தைகள் ஏன் ஊசியைப் பாதியில் விட்டுவிடுகின்றன, ஓட்டை தாய்மார்களிடம் இருக்கிறதா, எங்களிடம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கிற வேலை. கையில் அறுபத்திரண்டு கேள்விகள். அதைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினாள். வந்த முதல் வாரமே ஒன்றைக் கவனித்துவிட்டாள். ஆறு ஊர்களில் அளத்துமேட்டில் மட்டும் கூட்டம் மாசா மாசம் ஏறிக்கொண்டே போகிறது. காரணம் மணி. 'ஒலிச் சமிக்ஞை மூலம் தாய்மார்களை அழைக்கும் முறை' என்று அறிக்கையில் எழுதினாள்.

மாயவன் அந்த வரியை என்னை ஏழு தடவை படிக்கவைத்தார். மறுநாளிலிருந்து மணிக்குப் புளி போட்டுத் தேய்ப்பது என்ன, மொபெட்டுக்குப் பூ வைப்பது என்ன. "மேடம், நான் இப்ப ஒரு முறை" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

போன வருஷம் கத்திரி வெயில் உங்களுக்கு நினைவிருக்கும். உப்பு வாருகிறவர்களுக்கு அது அறுவடைக் காலம், எங்களுக்கோ ஐஸ் பேக் உருகுகிற காலம். பெட்டி சூடாகிவிடுமோ என்று எல்லாருக்கும் பயம். மாயவனுக்கு மட்டும் பயமே இல்லை. அவர் பெட்டி சாயங்காலம் திரும்பி வந்து திறந்தாலும் கையை வைக்க முடியாத ஜில்லிப்பு. அதைவிட அதிசயம், காலையில் அவருடைய ஐஸ் பேக்குகள் ஃப்ரீசரை விட்டு வெளியே வந்த ஐந்தாவது நிமிஷமே களக் களக் என்று பேசின. மற்றவர்கள் டீயை ஊதி முடிப்பதற்குள் இவர் மணி மரக்காணம் ரோட்டில் கேட்கும். "மாயவனைப் பாத்துக் கத்துக்கோங்க" என்று மற்ற ஐந்து பேரையும் நான் திட்டினேன். மூன்று புதன்கிழமை திட்டினேன்.

மூன்றாவது புதன்கிழமை ஷஹானா ஆறு பெட்டிகளிலும் ஒரு பொத்தானைப் போட்டு அனுப்பினாள். ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் தடிமன், உள்ளே இருக்கும் குளிரை நிமிஷத்துக்கு நிமிஷம் எழுதிவைத்துக்கொள்ளும். மறுநாள் காலை அதைக் கம்ப்யூட்டரில் சொருகிப் பார்த்தாள். ரிசல்ட் பார்க்க மாயவன் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றார்.

ஐந்து பெட்டிகளின் கோடும் ஒழுங்காக ஓடியது. ஆறாவது கோடு கீழே இறங்கி, பூஜ்யத்தைத் தாண்டி, அங்கேயே படுத்துக் கிடந்தது.

"மாயவண்ணே, உங்க பெட்டி மைனஸ் நாலு காட்டுது" என்றாள் ஷஹானா.

"எல்லாரையும் விட ஜில்லுதானே? அப்ப நான்தான் ஃபர்ஸ்ட்டு" என்றார் மாயவன்.

பச்சைத் தண்ணீர் மைனஸ் நாலில் கல்லாக இருக்க வேண்டும், களக் என்று ஆடாது. "மாயவன், பாட்டில்ல என்ன தண்ணி ஊத்துறீங்க?" என்று கேட்டேன்.

அவர் முகம் மலர்ந்தது. இத்தனை நாள் யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்த ரகசியம் போல. "அதான் மேடம் தொழில். பால் ஐஸ் போடறப்ப ஐஸ் கட்டியோட உப்பு போட்டாத்தான் குளிர் பிடிக்கும். மூணு வாரமா செவ்வாக்கெழம சாயங்காலம் வாளித் தண்ணியில ரெண்டு கை உப்பு கரைச்சுத்தான் பாட்டில ரொப்பறேன். நம்ம அளத்து உப்பு, பூவிழி கொண்டாந்தது. எப்பிடி?" என்றார்.

உப்புத் தண்ணீர் அவ்வளவு லேசில் முழுசாக உறையாது. உள்ளே பூஜ்யத்துக்குக் கீழே குளிர்ந்து கிடக்கும்போதே, வெளியே ஒழுங்குப் பிள்ளை மாதிரி களக் களக் என்று பேசும். நான் காதில் வைத்துக் கேட்டுச் சரி என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உப்பு விளையாத ஊரில் எவனுக்கும் இந்த யோசனை வந்திருக்காது.

இனி என் தப்பு. ஃப்ரீசருக்கு மேலே சுவரில் ஒரு போஸ்டர் இருக்கிறது. அதில் ஆறாவது வரி, ஐஸ் பேக் தண்ணீரில் உப்பு சேர்க்கக் கூடாது என்பது. அந்த ஆறாவது வரியை ஒரு நகைக்கடைக் காலண்டர் மறைத்துக்கொண்டிருந்தது. காலண்டரை மாட்டியவள் நான்.

பரிசோதனை ஒன்று உண்டு. ஒரு குப்பியை வேண்டுமென்றே ராத்திரி முழுக்க உறையவைத்து, காலையில் உருகவிட்டேன். அளத்துமேடு போய்த் திரும்பிய குப்பி ஒன்று, குளிர்பெட்டியை விட்டு நகராத குப்பி ஒன்று. மூன்றையும் நன்றாகக் குலுக்கி வெள்ளைத் தாள்மேல் வரிசையாக வைத்தேன். நல்ல மருந்து மோர் மாதிரி கலங்கியே இருக்கும். செத்த மருந்தில் வண்டல் கீழே இறங்கி, மேலே தெளிந்துவிடும். நான், ஷஹானா, சுலோசனா, டாக்டர், எல்லாரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் யார் கண்ணுக்கும் எதுவும் தெரிவதற்கு முன்னால் மாயவன் பேசினார்.

"அடில தங்குது மேடம். நடுவுல இருக்கறதும் ஓரத்துல இருக்கறதும். பாத்தியில உப்பு எறங்கற மாதிரி எறங்குது."

பத்து நிமிஷம் கழித்து எங்களுக்கும் தெரிந்தது. நடுவில் இருந்தது அளத்துமேட்டுக் குப்பி. மாயவன் பேசாமல் போய் வாசற்படியில் உட்கார்ந்தார். ஆறு வருஷத்தில் அவர் வாயை மூடி நான் பார்த்தது அன்றுதான். எனக்கு அழுகை வந்தது.

டாக்டர் மேலிடத்துக்குப் போன் போட்டுப் பேசிவிட்டு வந்தார். மூன்று வாரத்தில் அளத்துமேட்டில் அந்த ஊசி போட்ட குழந்தைகள் இருபத்துமூன்று பேர். குழந்தைகளுக்குக் கெடுதல் எதுவும் இல்லை, ஆனால் பாதுகாப்பும் இல்லை. எல்லாருக்கும் திரும்பப் போட வேண்டும். அதை எப்படிச் சொல்லிக் கூப்பிடுவது என்பதுதான் கேள்வி.

"உண்மையச் சொன்னா ஒருத்தி வர மாட்டா சார்" என்றார் சுலோசனா. "நாலு வருஷம் கெஞ்சிக் கூட்டியாந்த கூட்டம். வீணாப்போன ஊசியப் போட்டுட்டோம்னு தெரிஞ்சா அவ்ளோதான். கவர்மெண்டுல எக்ஸ்ட்ரா ஒரு டோஸ் குடுத்திருக்காங்கன்னு சொல்லிப் போட்டுடலாம்."

உண்மையைச் சொல்கிறேன், அந்த யோசனை எனக்கும் பிடித்திருந்தது. என் காலண்டரும் அதோடு மறைந்துவிடும். வாசலிலிருந்து மாயவன் எழுந்து வந்தார்.

"வேணாம் சார். என் மணியக் கேட்டுத்தான் அவங்க வந்தாங்க. நானே போய்ச் சொல்லிடறேன். அடிச்சாலும் வாங்கிக்கறேன். அதுக்கப்புறம் பெட்டிய யார்கிட்ட வேணா குடுங்க."

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு உப்பளத்துக்குப் போனோம். மாயவன் முன்னால், நானும் ஷஹானாவும் பின்னால். உப்பளத்து வரப்பில் நடக்க ஒரு பழக்கம் வேண்டும். ஷஹானா பத்தாவது அடியில் "யா அல்லா" என்றாள். திரும்பிப் பார்த்தால் பாத்திக்குள் உட்கார்ந்திருந்தாள், இடுப்புவரை உப்புத் தண்ணீர், அறுபத்திரண்டு கேள்வியையும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி. அவளைத் தூக்கப் போன நானும் ஒரு காலை உள்ளே விட்டேன். உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் உப்பு இழுக்கும் பலகையை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். நடுவில் நின்றவள் கொளஞ்சி.

கொளஞ்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பது வயசு, அந்த செட்டுக்கு மேஸ்திரி. அவள் போகிற பக்கம்தான் மற்றவர்கள் போவார்கள். அவளுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவனுக்கு ஊசி போட்ட அன்று ராத்திரி காய்ச்சல் அடித்து, தொடை வீங்கி, மூன்று நாள் அவள் வேலைக்குப் போகவில்லை. அது பொங்கல் லீவு, எங்கள் கதவு பூட்டிக் கிடந்தது. அப்புறமும் யாரும் போய் என்ன ஏது என்று கேட்கவில்லை. இரண்டாவது பிள்ளைக்கு அவள் ஊசியே போடவில்லை. சுலோசனா அவள் வீட்டுக்குப் போனால் வாசலுக்குத் தண்ணீர் தெளிக்க ஆரம்பித்துவிடுவாள். அந்தக் கத்திரி வெயிலில்தான், மணிச் சத்தத்துக்கு ஓடிய இரண்டாவது பிள்ளையைத் துரத்திக்கொண்டு மூன்றாவது குழந்தையோடு வந்து முதல்முறையாக மாட்டிக்கொண்டாள். மாயவனுக்கு அவள் முறையில் மருமகள்.

"மாமா மணி அடிக்காம வருது. யாரோ போய்ட்டாங்க போலிருக்குது" என்றாள் கொளஞ்சி.

"யாரும் போகல. ஊசிதான் போயிடுச்சு" என்றார் மாயவன். வரப்பில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். எதையும் குறைக்கவில்லை, கூட்டவும் இல்லை. வெள்ளைக்காரருக்கு ஒரு ஐஸ் கூட ஏற்றாமல் அவர் சொல்லி நான் கேட்ட ஒரே கதை அது. என் காலண்டரை நானே சொன்னேன்.

கொளஞ்சி பலகையை வரப்பில் சாத்தினாள்.

"தண்ணியில உப்பு போட்டியா?" என்றாள் கொளஞ்சி.

"ஆமா."

"எவ்ளோ?"

"வாளிக்கு ரெண்டு கை."

"எந்த உப்பு?"

"இந்த உப்புதாம்மா" என்று மாயவன் பாத்தியைக் காட்டினார்.

ஓரத்தில் நின்ற ஒருத்திதான் முதலில் சிரித்தாள். அப்புறம் பக்கத்திலிருந்தவள். அப்புறம் அந்த வரிசை முழுக்கப் பற்றிக்கொண்டது. ஒருத்தி பலகையைப் போட்டுவிட்டுப் பாத்தியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ரெண்டு கை போட்டா அந்தக் குளிரு நாக்கையே ஒட்டிக்கும்யா, பால் ஐஸ் வித்த உனக்குத் தெரியாதா?" என்று ஒருத்தி கத்தினாள். டாக்டருக்கு அரைமணி நேரம் விளக்க வேண்டியிருந்த விஷயம் அவர்களுக்கு ஒரு வார்த்தையில் புரிந்துவிட்டது. அவர்கள் கை உப்பு அல்லவா. மாயவனும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. ஈரப் புடவையோடு நானும் சிரித்தேன். ஷஹானா எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமலே சிரித்தாள்.

கொளஞ்சி மட்டும் சீக்கிரம் நிறுத்திவிட்டாள். "என் புள்ளைக்கும் அதுவா?" என்றாள்.

"ஆமாம்மா. ரெண்டாவது வாரம். எடது தொடை" என்றார் மாயவன்.

அவள் பலகையை எடுத்து உப்பை இழுக்க ஆரம்பித்தாள். அவள் இழுத்ததும் மற்றவர்களும் சிரிப்பை விட்டுவிட்டு இழுக்க ஆரம்பித்தார்கள். அவள் வராவிட்டால் இருபத்துமூன்றில் ஒன்றுகூட வராது என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்தது. திரும்பி வரும்போது, காலில் பட்ட கல்லையெல்லாம் உதைத்துக்கொண்டே நடக்கிற மாயவன், வரப்பில் ஒரு கல்லைக்கூடத் தள்ளாமல் நடந்தார்.

புதன்கிழமை வந்தது. அங்கன்வாடியில் சுலோசனா எல்லாவற்றையும் எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நானும் அன்று கிளம்பி வந்துவிட்டேன். ஐஸ் பேக்கை என் கையாலே குழாய்த் தண்ணீரில் நிரப்பியிருந்தேன். மாயவன் முக்கால் மணி நேரம் மேஜையருகே நின்று காத்திருந்து, பாட்டில் பேசினதும்தான் வண்டியை எடுத்தார். ஊருக்குள் மணி அடிக்கவில்லை.

"அடிங்க மாயவன்" என்றேன்.

"அது பொய் சொன்ன மணி மேடம். எனக்குக் கை வரல" என்றார்.

பத்து மணிக்கு இரண்டு பேர் வந்தார்கள். இரண்டு பேரும் உப்பளத்துக்குப் போகாதவர்கள். பத்தரைக்கு யாரும் இல்லை. பத்தேமுக்காலுக்கும் யாரும் இல்லை. ஷஹானா வாசலுக்கும் உள்ளேயும் நடந்து நடந்து சிமெண்டைத் தேய்த்தாள். சுலோசனா என்னைப் பார்க்காமல் பஞ்சைப் பிய்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னேனே என்று அவர் வாயைத் திறந்து சொல்லவில்லை, அதுதான் பெரிய வதையாக இருந்தது. மாயவன் மூலையில் சின்னப் பிள்ளைகளின் நாற்காலி ஒன்றில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த நாற்காலியில் அவர் எப்படி நுழைந்தார் என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

பதினொன்றுக்கு வெளியே மணி கேட்டது.

எல்லாரும் மாயவனைப் பார்த்தோம். மாயவன் நாற்காலியில்தான் இருந்தார். மணி மறுபடி கேட்டது, விடாமல், கை அசந்துபோகிற வேகத்தில். எழுந்து ஓடினார், நாற்காலியும் கூடவே போயிற்று.

வெளியே மொபெட்டுக்குப் பக்கத்தில் கொளஞ்சி நின்றாள். இடுப்பில் குழந்தை, முழங்காலுக்குக் கீழே வெள்ளைவெளேரென்று உப்பு. உப்பளத்திலிருந்து நேராக வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள், காலைக்கூடக் கழுவவில்லை. அவளுக்குப் பின்னால் அந்த செட்டு முழுக்க வரிசை கட்டி நின்றது. அவள் இன்னும் மணியை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"போதும் கொளஞ்சி, மணி அறுந்துடப் போவுது" என்றார் மாயவன்.

"அந்த பாட்டில எடு" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் உள்ளே வந்து பெட்டியைத் திறக்கச் சொல்லி, ஒரு ஐஸ் பேக்கை எடுத்து, மூடியைத் திருகி, உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டுக்கொண்டாள். "ஏம்மா, அதை நாக்குல வெக்காத" என்று நான் போட்ட சத்தம் முடிவதற்குள் நக்கிப் பார்த்துவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். உப்பு விளைந்துவிட்டதா என்று பாத்தித் தண்ணீரை நாக்கில் வைத்துச் சொல்லிவிடுகிறவள் அவள். அதைவிடப் பெரிய பரிசோதனைக் கூடம் எங்கள் பக்கத்தில் கிடையாது.

"பச்சத் தண்ணி" என்றாள். பின்னால் நின்றவர்கள் தலையாட்டினார்கள். "மொதல்ல என் புள்ளைக்குப் போடு."

சுலோசனா ஊசியை எடுக்கும்போது கொளஞ்சி மாயவனிடம் திரும்பினாள். "என் பெரியவனுக்குக் காய்ச்சல் அடிச்சப்ப ஒருத்தர் வந்து எட்டிப் பாக்கல மாமா. நாங்க செத்தமா பொழச்சமான்னு கேக்கல. நீ பாத்தியில வந்து நின்னு தப்புன்னு சொன்ன. அதுக்காவத்தான் வந்தேன். இன்னிக்கி ராத்திரி இவளுக்குக் காய்ச்சல் வந்தா, காலைல நீ வரணும். வருவியா?"

"வர்றேன்" என்றார் மாயவன். வேறு ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. குழந்தை வீரிட்டு அழுதது. அதைவிடச் சத்தமாக மாயவன் அழுதார். இரண்டையும் கொளஞ்சிதான் சமாதானப்படுத்தினாள்.

அன்று இருபத்துமூன்றில் இருபத்திரண்டு பேர் வந்தார்கள். மிச்சம் ஒருத்தி பெருமுக்கலில் தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். அடுத்த நாள் மத்தியானமே மாயவன் போய்ச் சொல்லி, அங்குள்ள நர்ஸ் கையால் போடவைத்துவிட்டுத்தான் திரும்பினார். அது மட்டுமில்லை, இதுவரை ஊசி பக்கமே வராத எட்டுக் குழந்தைகள் வரிசையில் நின்றன. அதில் ஒன்று கொளஞ்சியின் இரண்டாவது பிள்ளை. அவன் ஐஸ் என்று நம்பித்தான் கடைசிவரை நின்றான்.

வியாழக்கிழமை காலை மாயவன் சொன்னபடி வீடு வீடாகப் போனார். சுலோசனா எழுதிக்கொடுத்த தாளை வைத்துக்கொண்டு, காய்ச்சல் உண்டா, தொடை வீங்கியதா, பால் குடிக்கிறதா என்று வாசலில் நின்று கேட்டார். காய்ச்சல் இருந்த நாலு வீட்டுக்கு அரைமணி நேரத்தில் சுலோசனா போனார். கொளஞ்சியின் குழந்தைக்குக் காய்ச்சலே இல்லை. இருந்தாலும் மாயவன் அங்கே அரைமணி நேரம் உட்கார்ந்து வெள்ளைக்காரர் கதையைச் சொல்லிவிட்டு வந்தார்.

ஷஹானா தன் கேள்விகளைத் திரும்பப் படித்துப் பார்த்தாள். பயமா, நேரமில்லையா, தூரமா, மாமியார் தடுக்கிறாரா என்று எல்லாம் இருந்தது. ஊசி போட்ட மறுநாள் யாராவது உங்களை வந்து பார்த்தார்களா என்று ஒரு கேள்வி இல்லை. அதை அறுபத்துமூன்றாவதாகச் சேர்த்தாள். மற்ற ஐந்து ஊர்களிலும் போய்க் கேட்டாள். பாதியில் விட்ட தாய்மார்களில் பெரும்பாலானவர்கள் ஒரே பதிலைத்தான் சொன்னார்களாம். இப்போது ஆறு ஊரிலும் வியாழக்கிழமை ஒரு ஆள் போகிறார். மணி கேட்டுப் பாதி வேலையில் ஓடிவர வேண்டாம் என்று அங்கன்வாடி நேரத்தையும் உப்பளத்து ஆட்கள் திரும்புகிற பதினொரு மணிக்கு மாற்றிவிட்டோம். பெட்டி மாயவனிடமே இருக்கிறது. டாக்டர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, நாங்களும் ஞாபகப்படுத்தவில்லை. காலண்டரை நான் கிழித்துப் போட்டுவிட்டேன்.

கார்த்திகை மாசத்தில் ஷஹானாவின் ஆராய்ச்சியைப் பார்க்கச் சென்னையிலிருந்து நாலு பேர் காரில் வந்தார்கள். அங்கன்வாடியில் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். மாயவன் மணியடித்து வந்து பெட்டியை இறக்கினார். வழக்கம்போல கொளஞ்சி பாட்டிலை வாங்கினாள், மூடியைத் திருகினாள், நாக்கில் வைத்தாள். ஷஹானா அவர்களுக்கு இங்கிலீஷில் என்னவோ விளக்கிக்கொண்டிருந்தாள்.

கொளஞ்சி முகத்தைச் சுளித்தாள். த்தூ என்று வெளியே போய்த் துப்பினாள். "கரிக்குது" என்றாள்.

ஷஹானாவின் பேச்சு பாதியில் நின்றது. அந்தத் தண்ணீரை ஊற்றியவள் நான். மாயவன் பெட்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார், பாட்டிலைப் பிடுங்கி வாயில் கவிழ்த்துக்கொண்டார். ஒரு முறை குடித்தார். இன்னொரு முறை குடித்தார். அப்புறம் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார்.

கொளஞ்சி சிரிப்பை அடக்க முடியாமல் சுவரில் சாய்ந்துகொண்டிருந்தாள். பின்னால் செட்டு முழுக்கச் சிரித்தது. சென்னைக்காரர்களும் என்னவென்று தெரியாமல் சிரித்தார்கள்.

"பயந்துட்டியா மாமா? அந்த பயம் இருக்கணும்" என்றாள் கொளஞ்சி. குழந்தையை சுலோசனாவின் மடியில் உட்காரவைத்து, இடது தொடையைத் தானே பிடித்துக்கொடுத்தாள்.